உடம்பு சொல்வதை நம்பாதே

1

இந்தக் கதை ஒரு பாடமாகத்தான் தொடங்கியது. விமானம் ஓட்டப் பழகும் நெல்லிக்குப்பத்துப் பெண் சுவேதா, "சார், மேகத்துக்குள்ள ஓட்டுறதப் பத்தித் தமிழ்ல எழுதித் தாங்க" என்று கேட்டாள். அவளுக்கு ஓட்டக் கற்றுத்தரும் அன்பரசு திருப்பாதிரிப்புலியூர் வீட்டில் எழுத உட்கார்ந்தார். (அன்பரசு நான்தான். ‘நான்’ என்று எழுதினால் பேனா நகரமாட்டேன் என்கிறது.)

2

முதல் வரி: "மேகத்துக்குள் போனால் உடம்பு சொல்வதை நம்பாதே. விமானம் சாய்ந்து திரும்பிக்கொண்டிருக்கும். நேராகப் போகிறோம் என்று, சமநிலை சொல்லும் உள்காது சத்தியம் செய்யும். மீட்டரை நம்பு."

இருபத்திரண்டு வருஷம் வாய் வலிக்கச் சொன்ன பாடம். அதற்கு மேல் ஓடவில்லை. அன்றைக்கு ஜான்சி

(வாக்கியம் அப்படியே நிற்கட்டும்.)

3

சரி, எழுதித் தொலைக்கிறேன். போன ஜனவரியில் சிதம்பரத்தில் ஒரு கல்யாணம். பட்டுப்புடவை கட்டிக்கொண்டிருந்த மனைவி ஜான்சி கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னங்க, ஒரு மாதிரியா இருக்கு. நீங்க மட்டும் போய்ட்டு வாங்க."

"ஒரு மாதிரின்னா?"

"சொல்லத் தெரியல."

அன்பரசு பிரஷர் மெஷினைக் கட்டிப் பார்த்தார். நூற்றிருபது, எண்பது.

"மெஷின்ல எல்லாம் கரெக்டா இருக்கு. உடம்பு பொய் சொல்லும் ஜான்சி. கெளம்பு."

புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் கார் சீட்டில் சரிந்தாள். மாரடைப்பு. பிழைத்துவிட்டாள். ஆனால் இதயம் பாதிதான் வேலை செய்கிறது. துணி காயப்போடக்கூட மாடி ஏற முடியாது.

[பாடத்தின் இரண்டாம் பக்கத்தில் வர வேண்டியது: "ஒரே மீட்டரை முறைத்துக்கொண்டிருக்காதே. முன்னால் இருக்கும் ஆறு மீட்டரையும் மாறிமாறிப் பார்." அன்று அவள் நெற்றி வேர்த்திருந்தது. நான் மெஷினைத்தான் பார்த்தேன்.]

4

முடிவு ஒன்று: அன்பரசு மன்னிப்புக் கேட்கிறார், ஜான்சி அழுகிறாள். (பொய். இன்றுவரை கேட்கவில்லை.)

முடிவு இரண்டு: அவர்கள் கல்யாணத்துக்குப் போகவே இல்லை, நேராக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். (எழுதும்போது இனித்தது. கிழித்துவிட்டேன்.)

முதல் வரியை அடிக்கவும் முடியாது. அடித்தால் மேகத்துக்குள் சுவேதா செத்துப்போவாள். அது உண்மையான வரி, அதுதான் வேதனை.

இன்று காலை அன்பரசு கேட்டார், "எப்பிடி இருக்கு ஜான்சி?"

அவள் ஜாக்கெட் கையை மேலே தள்ளிவிட்டுக் கையை நீட்டினாள்.

"மெஷினக் கேளுங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகத்தான் சொன்னாள். கதையில் அவள் கை இன்னும் நீண்டபடியே இருக்கிறது. அடுத்து அவர் என்ன பேச வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் எழுதிக் கொடுங்கள். அவளிடம் அப்படியே படித்துக் காட்டுகிறேன்.