நிறுத்தும் பொத்தான்

ஜன்னல் வைத்த முன்னறை யாருக்கு என்பதில்தான் இழுபறி. மச்சினன் கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போனதும் அது காலியானது. வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் தள்ளுபடி, சாப்பாட்டு மேசையை விட்டு அங்கே குடியேறப் பார்த்தான். அவன் மனைவிக்கோ அங்கே ஒரு கண்ணாடியும் இரண்டு நாற்காலியும் போட்டு, சொந்தமாக முடிவெட்டும் கடை வைக்க ஆசை. பதினொரு வருஷமாக அடுத்தவர் கடையில் நின்று வெட்டியவள். அந்த ஆசையை அவனும் குறை சொல்லவில்லை. ஆனால் முதுகுவலி அவனுக்கும் இருந்தது.

தள்ளுபடி என்பது அலுவலகத்தில் வைத்த பட்டப்பெயர். ஒரு மென்பொருள் கம்பெனியில் மாதச் சந்தாவுக்கு விலை வைப்பது அவன் வேலை. பெயர் வீடுவரை வந்து ஒட்டிக்கொண்டது.

பேசிச் சலித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவனே வாயைக் கொடுத்தான். அவன் கணினியில் ஒரு விளையாட்டு உண்டு. ஆளுக்கொரு மென்பொருள் கம்பெனி. அதை இருபத்துநாலு மாதம் நடத்த வேண்டும். கடைசி மாதச் சந்தா வருமானம் யாருக்கு அதிகமோ அவருக்கு வெற்றி. ஒரு மாதம் ஐந்து நிமிஷத்தில் ஓடிவிடும்.

"ஜெயிக்கிறவங்களுக்கு ரூம்," என்றான்.

"கொல்லன் தெருவுல ஊசி விக்கச் சொல்றீங்க," என்றாள். "சரி, வித்துப் பாக்குறேன்."

தள்ளுபடி தன் வித்தையெல்லாம் இறக்கினான். முதல் மாதம் இலவசம், அடுத்த மாதம் பாதி விலை, அப்புறம் முழு விலை. சந்தாவை நிறுத்தும் பொத்தானை ஏழு பக்கம் தாண்டி ஒரு மூலையில் ஒளித்தான். அவளோ ஒரே விலை வைத்தாள். நிறுத்தும் பொத்தானை முதல் பக்கத்திலேயே பெரிதாகப் போட்டாள்.

"கடையத் திறந்ததும் வெளிய போற வழிய காட்டுறியே," என்று சிரித்தான்.

"வெளிய போக வழி தெரியாத கடைக்குள்ள நான் நுழையவே மாட்டேன்."

பன்னிரண்டாம் மாதம் அவன் வருமானம் அவளுடையதைப்போல் இரண்டு மடங்கு. மனசுக்குள் மேசையை ஜன்னலோரம் போட்டு, திரைச்சீலைக்கு நிறமும் பார்த்துவிட்டான். அந்தத் தெம்பில் பதினாலாம் மாதம் விலையை ஏற்றினான். திரையில் வாடிக்கையாளர்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும், எங்கே போய்விடுவார்கள்?

போனார்கள். பொத்தானைத் தேடிக் கண்டுபிடித்துப் போனார்கள். அவர்கள் திட்டியதைப் படித்துப் புதியவர்களும் வரவில்லை. பாதி விலைக்கு இறக்கிப் பார்த்தான்; ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. அவள் பக்கமும் மாதாமாதம் சிலர் போனார்கள். ஆனால் அங்கே அவன் திரையில் இல்லாத ஒரு வரி இருந்தது: திரும்பி வந்தவர்கள். மாதத்துக்கு மாதம் அந்த எண் ஏறியது.

"இது எப்படி?"

"எங்கிட்ட முடி வெட்டிக்கிறவங்க நடுவுல ஒரு தடவ வேற கடைக்குப் போவாங்க. புதுசா தொறந்திருந்தா போய்ப் பாக்கத் தோணும்ல. நாம மூஞ்சியத் தூக்கினா அப்புறம் தெருவுல பாத்தாகூட ஒதுங்கிடுவாங்க. 'நல்லா வெட்டியிருக்காங்களே'ன்னு சொல்லிட்டா, அடுத்த மாசம் தொப்பி போட்டுட்டு வந்து நிப்பாங்க."

தள்ளுபடியின் கை தானாகத் தலைக்குப் போனது. போன மாதம், அவள் வேலையாக இருக்கிறாள் என்று, மூலையில் திறந்த புதுக் கடையில் வெட்டிக்கொண்டு வந்திருந்தான். காதுக்கு மேலே ஏணிப்படி மாதிரி இருந்தது. "நல்லா வெட்டியிருக்காங்களே," என்று மட்டும் சொன்னாள். அவனும் அதை நம்பியிருந்தான்.

இருபத்துநாலாம் மாதம் அவள் ஜெயித்தாள். மூக்கறுபட்டதில் அவனுக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். ஆனால் அவள் எழுந்து போய் வெறும் சுவரில் கண்ணாடிக்கு முழம் போட்டதைப் பார்த்ததும் எரிச்சல் போன இடம் தெரியவில்லை. சந்தோஷமாகவே இருந்தது.

"வியாழக்கிழமை கடை லீவு," என்றாள் திரும்பாமலே. "அன்னிக்கு உங்க மேசையப் போட்டுக்கோங்க."

அவன் சாப்பாட்டு அறை நாற்காலி ஒன்றைத் தூக்கி வந்து ஜன்னலோரம் போட்டு, தோளில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தான்.

"என்ன விலை?"

அவள் கத்தரிக்கோலை எடுத்தாள். ஏணிப்படியைப் பார்த்தாள். சிரிக்காமல் இருக்கச் சிரமப்பட்டாள்.

"முதல் மாசம் இலவசம்," என்றாள்.