ஹாலில் பதினான்கு அடி

எத்திராஜ் வெளிநாட்டு வேலையை முடித்துக்கொண்டு தொம்மலூர் வீட்டுக்கு நிரந்தரமாகத் திரும்பிய மறுநாள் காலை, ஹாலின் நடுவே ஓர் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. கிழக்குச் சுவரிலிருந்து வந்து மேற்குச் சுவருக்குள் போனது. சுவர்கள் நனையவில்லை. விமானக் களைப்பில் சோபாவிலேயே தூங்கிவிட்ட எத்திராஜ் வாசல் பக்கம் இருந்தார். அவர் மனைவி மரகதம் சமையலறைப் பக்கம். ஹாலின் அகலம் பன்னிரண்டு அடி, ஆற்றின் அகலம் பதினான்கு. எத்திராஜ் இரண்டு முறை அளந்துவிட்டு டேப்பைச் சுருட்டி வைத்தார். மரகதம் பின்கதவு வழியாகத் தெருவைச் சுற்றி வந்து பார்த்தார். அங்கேயும் ஆறு இருவருக்கும் நடுவில்தான் ஓடியது. குடிநீர் வாரியத்திலிருந்து வந்த ஆள் ஒரு டம்ளர் மொண்டு குடித்தார். “இது நம்ம லைன் இல்ல சார், ஆனா சென்னாகிதே, நல்லாருக்கு” என்று இன்னொரு டம்ளரும் குடித்துவிட்டுப் போனார். பக்கத்து வீட்டு டெஸ்மண்ட் ஜன்னலில் எட்டிப் பார்த்து, “என்ன மேன், சாக்லேட் கொண்டுவருவேன்னு பார்த்தா ஆத்தைக் கொண்டுவந்திருக்கே!” என்றார்.

எத்திராஜ் பதினெட்டு வயதில் ராணுவப் பொறியாளர் பிரிவான அல்சூர் சாப்பர்ஸ் படையில் சேர்ந்து, பதினேழு ஆண்டுகள் மலை ஆறுகளின் மேல் இரும்புப் பாலம் போட்டவர். ஹவில்தாராக ஓய்வு பெற்று, மாலை வகுப்பில் படித்து இன்ஜினியரானார். பிறகு லாவோஸ், மொசாம்பிக், பெரு என்று இருபத்தொன்பது ஆண்டுகள். வருடத்துக்கு இருபத்தொரு நாள் லீவு. மகள் ரக்ஷா நடந்தது, பள்ளிக்குப் போனது, சைக்கிளிலிருந்து விழுந்து பல் உடைந்தது எல்லாம் முதலில் கடிதத்திலும் பிறகு வாட்ஸ்அப்பிலும் அவருக்குப் போய்ச் சேர்ந்தன. மரகதத்துக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்த அன்று அவர் ஓர் ஆற்றின் நடுவே கிரேனில் இருந்தார். ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டது டெஸ்மண்ட். ஒவ்வொரு லீவு முடிவிலும், ரிட்டயர் ஆனதும் உன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன் என்று எத்திராஜ் சொல்வார். மரகதம் பெட்டியை மூட உதவுவார்.

அன்றே எத்திராஜ் பாலம் கட்டத் தொடங்கினார். படையில் கற்ற முறை. துண்டு துண்டாகப் பூட்டி, உருளைகள் மேல் வைத்து, இந்தக் கரையிலிருந்து தள்ளிக்கொண்டே போக வேண்டும். முன்பக்கம் ஆற்றில் சாயாமல் இருக்கப் பின்பக்கத்தில் பாரம் ஏற்ற வேண்டும். எதிர்க்கரையில் எதிரி இருக்கலாம் என்பதால், அங்கே ஆளே தேவைப்படாத முறை அது. பழைய கட்டிலும் இரும்பு அலமாரியும் துண்டுகளாயின. தண்ணீர் கேன்களும் வாஷிங் மெஷினும் பாரம். முனை எதிர்க்கரையைத் தொட ஓர் அங்குலம் இருக்கும்போது ஆறு இன்னும் மூன்றடி அகலமாகும். எத்திராஜ் இன்னொரு துண்டு பூட்டுவார். கொடிக்கயிற்றில் டிபன் கேரியர் வந்து போனது. உப்பு போதுமா என்று அந்தக் கரையிலிருந்து குரல் வரும். போதும் என்பார்.

பதினோராம் நாள், மரகதத்தின் முகம் பாஸ்போர்ட் போட்டோ அளவுக்குச் சிறுத்திருந்தது. இன்னும் நான்கு நாள் போனால் முகமே தெரியாது என்று எத்திராஜ் கணக்கிட்டார்.

“ஏங்க, இன்னைக்கு எத்தனை அடி?”

“நாப்பத்தேழு.”

“பதினோரு நாளா நான் இங்கதானே நிக்கிறேன்? இந்தப் பக்கம் யாருமே இல்லாத மாதிரி தள்ளிட்டு இருக்கீங்க. ஒரு கை குடுன்னு வாயைத் திறந்து கேட்டா என்ன?”

எத்திராஜ் பூட்ட எடுத்த அடுத்த துண்டைக் கீழே வைத்தார்.

“மரகதம்… கொஞ்சம் புடிச்சுக்கிறியா?”

“எங்க புடிக்கணும்? சொல்லிக்குடுங்க.”

“முனையை. அடியில கனமா எதாவது வை. அப்படி இல்ல! இடது பக்கம்!”

“பெருக்காரன்கிட்டயும் இப்படித்தான் கத்துவீங்களா?” என்றபடி மரகதம் கிரைண்டர் கல்லை உருட்டி வந்து வைத்து, இரண்டு கையாலும் முனையைப் பிடித்தார். ஆறு உடனே பதினான்கு அடிக்குத் திரும்பியது. மிச்சப் பாலம் ஜன்னல் வழியாக டெஸ்மண்ட் காம்பவுண்டுக்குள் நீண்டது. அவர் மனைவி மௌரீன் அதில் துணி காயப்போடுகிறார்.

ஆறு வற்றவில்லை. நான்கு மணிக்கு இருவரும் பாலத்தின் நடுவில், தண்ணீரில் காலைத் தொங்கவிட்டுக் காபி குடிப்பார்கள். அடுத்த ஆண்டு மரகதத்துக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது. எத்திராஜ் கையெழுத்துப் போட்டார். அன்று மாலை, ஒரு கண்ணில் கட்டும் இன்னொன்றில் மங்கலுமாக வந்த மரகதத்தைக் கைப்பிடித்துப் பாலத்தில் ஏற்றினார்.

“தண்ணி இருக்குதா இன்னும்?”

“இருக்கு. பதினாலு அடி.”

“இருக்கட்டும்” என்றார் மரகதம்.