ஆறாம் பக்கத்துப் பூட்டு

'டக்.'

பாத்ரூம் கதவில் சாவி திரும்பும் சத்தம். செருப்பில் பாதிக் கால் நுழைத்திருந்த அம்மா உறைந்து நின்றாள்.

"அக்கா! கதவு திறக்கல!" உள்ளேயிருந்து குரல். பிள்ளை பார்த்துக்கொள்ள இன்றுதான் வேலைக்கு வந்த பெண். கை கழுவத்தான் போனாள்.

சமையலறையிலிருந்து ஓடி வந்த நாலு வயது மகள் வாலு, பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"சாவி எங்கடி?"

"கிச்சன் சிங்க் ஓட்டைல போட்டுட்டேன்."

"ஏன்டீ!"

"புத்தகத்துல மீன் தொட்டில போடுவாங்க. நம்ம வீட்லதான் மீன் தொட்டி இல்லையே?"

அம்மா வாசலையும் பாத்ரூம் கதவையும் மாறி மாறிப் பார்த்தாள். துறைமுகத்தில் அவள் கிரேன் ஓட்டியவள். பிரசவத்துக்கு விட்ட வேலை. இன்று சோதனை ஓட்டம். தேறினால் மறுபடி அவள் இடம் அவளுக்கு. கம்பெனி வேன் தெருமுனையில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

வேலைக்கு வரும் பெண்ணோடு மகள் பழகட்டும் என்று அவளே தேடித் தேடி வாங்கியவைதான் அந்தப் படப் புத்தகங்கள். எல்லாவற்றிலும் ஒரே கதை. பிள்ளை பார்க்க ஓர் அக்கா வருவாள். குழந்தை பெயிண்டை ஊற்றும், மாவைக் கொட்டும், ஆறாம் பக்கத்தில் அந்த அக்காவைப் பூட்டியும் வைக்கும். கடைசிப் பக்கத்தில் கட்டிப்பிடித்துச் சிரிப்பார்கள். அம்மா கடைசிப் பக்கத்தை நம்பி வாங்கினாள். வாலு மற்ற பக்கங்களை மனப்பாடம் பண்ணிவிட்டாள். பெயிண்டுக்கு ஒருத்தி, மாவுக்கு ஒருத்தி என்று ஏற்கெனவே இரண்டு பேர் ஓடியாயிற்று.

"அக்கா, இங்க ஜன்னல்கூட இல்ல!"

"இரும்மா, இதோ!"

சுத்தியலும் ஸ்க்ரூடிரைவரும் எடுத்து வந்தாள். கதவின் கீல் ஆணி துருப்பிடித்துக் கிடந்தது. அடித்தாள். அசையவில்லை. இன்னும் ஓங்கி அடித்தாள். விரல் நசுங்கியது. வெளியே ஹாரன் நின்றது. வேன் கிளம்பும் சத்தம்.

"சனியனே! புத்தகத்துல அம்மா வேலைக்குப் போனப்புறம்தானேடி பூட்டுவாங்க? நான் போறதுக்குள்ள உனக்கு என்ன அவசரம்?"

வாலுவின் உதடு பிதுங்கியது. "நீ போயிட்டா அந்த அக்காவை யாரு வெளிய எடுப்பா? எனக்கு பயமா இருக்காதா?"

அம்மாவின் சுத்தியல் அந்தரத்தில் நின்றது. கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றே தெரியவில்லை. மீதியைக் கீலிலேயே காட்டினாள். ஆணி தெறித்தது. கதவு சாய்ந்தது. வியர்த்து வழிந்தபடி அந்தப் பெண் வெளியே வந்தாள்.

போன் அடித்தது. மேஸ்திரி.

"என்னம்மா, ஆளைக் காணோம்? கிரேன்ல வேற ஆளை ஏத்தியாச்சு."

"அண்ணே, வீட்ல ஒரு..."

"தினம் ஒரு கதை கேக்க முடியாதும்மா. நாளைக்கு ஒரு தடவை ஏத்தி விடறேன். அதுக்கும் வரலன்னா அந்த இடம் அவனுக்குத்தான்."

போன் கட்டானது. அம்மா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு மெல்ல நிமிர்ந்து அந்தப் பெண்ணைப் பார்த்தாள். "நாளைக்கு..." என்று இழுத்தாள்.

அந்தப் பெண் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வாலுவை மேலும் கீழும் பார்த்தாள்.

"நாளைக்கு வர்றேன்க்கா. ஆனா ஒண்ணு. அந்தக் கதவைத் திரும்ப மாட்டிடாதீங்க."