மேனேஜருக்கு ஒரு படம்

"வாயைக் கொஞ்சம் நேராக்கிடுங்க," என்றான் பெரியவன்.

ஸ்டுடியோக்காரர் கம்ப்யூட்டரில் படத்தைப் பெரிதாக்கினார். சக்கர நாற்காலியில் ஒருவன் தலையைச் சாய்த்து, ஒரு பக்கமாக இழுத்துக்கொண்ட வாயோடு, கண் இடுங்கச் சிரித்துக்கொண்டிருந்தான். பெரியவனின் தம்பி. போன வாரம்தான் இறந்துபோனான்.

"நாற்காலி சார்?"

"அதையும் எடுத்துடுங்க. ஒரு கோட்டு போட்டுவிடுங்க. கழுத்தும் நேரா இருக்கட்டும்."

ஸ்டுடியோக்காரர் கைதேர்ந்தவர். சற்று நேரத்தில் திரையில் பெண் கேட்டுப் போகிற மாப்பிள்ளை போல ஒருவன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான்.

"பழைய படத்தைப் பத்திரமா வெச்சுக்கங்க சார்."

"வேண்டாம். நீங்களும் அழிச்சிடுங்க."

சொன்னதோடு நிற்காமல், அம்மாவிடம் வாங்கி வந்திருந்த செல்போனிலும் அதை அழித்துவிட்டு, புதுப் படத்தை ஏற்றிக்கொண்டான் பெரியவன்.

அவனைக் கல்நெஞ்சக்காரன் என்று சொல்லிவிட முடியாது. தம்பி போனபோது தேம்பி அழுதவன்தான். ஆனால் மகளுக்குச் சம்பந்தம் பேசி முடித்திருக்கிறான். சம்பந்தி வீட்டாரிடம் தம்பி இருப்பதைச் சொன்னானே தவிர, எப்படி இருக்கிறான் என்பதை மென்று விழுங்கிவிட்டான். அவர்கள் அன்று மாலை துக்கம் கேட்க வருவதாக இருந்தது.

வீட்டில் தம்பிக்கு மேனேஜர் என்றுதான் பெயர். ஜன்னலோரம் உட்கார்ந்தபடியே வீட்டைக் கட்டி மேய்ப்பான். குழாய் சொட்டினால் கத்துவான். யாராவது சாவியை மறந்து கிளம்பினால் நாற்காலிக் கையைத் தட்டித் தட்டிக் கூப்பிடுவான். வெளியாட்களுக்கு அவன் பேச்சு புரியாது. அம்மாவுக்கு அது தண்ணீர்பட்ட பாடு. "மேனேஜர் இன்னைக்கும் எனக்கு லீவு தர மாட்டாராம்," என்று அவள் அலுத்துக்கொண்டால் வயிறு குலுங்கச் சிரிப்பான்.

விசேஷ நாளில் மட்டும் மேனேஜருக்குப் பின்னறை. "கூட்டம் அவனுக்கு ஆகாதும்மா," என்பான் பெரியவன். யாருக்கு ஆகாது என்று அம்மாவுக்குத் தெரியும். ஆனாலும் வாயைத் திறந்ததில்லை. அதனால்தான் வீட்டிலிருந்த ஆல்பங்களை எல்லாம் புரட்டியும் தம்பி ஒன்றிலும் இல்லை. இருந்த ஒரே படம் அம்மாவே தட்டுத்தடுமாறி எடுத்தது. போனைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அவள் பட்ட பாட்டைப் பார்த்துத்தான் அப்படிச் சிரித்தான்.

மாலையில் சம்பந்திகள் வந்தார்கள். சம்பந்தியம்மா சுவரில் மாட்டியிருந்த படத்தின் முன்னால் நின்றுவிட்டாள்.

"அடடா, ராஜா மாதிரி இருக்காரே! இவருக்கா இப்படி ஆகணும்?"

"காய்ச்சல்தாங்க. நுரையீரல்ல சளி கட்டிக்கிச்சு," என்று பெரியவன் முந்திக்கொண்டான்.

பேச்சுக் குரல் கேட்டு அம்மா உள்ளேயிருந்து வந்தாள். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சுவரை உற்றுப் பார்த்தாள்.

"யாருடா இது?"

"நம்ம தம்பிதாம்மா. கொஞ்சம் சரி பண்ணச் சொன்னேன்."

"அவன்கிட்ட என்னடா சரியில்லாம இருந்துச்சு?"

அம்மா அவன் கையிலிருந்து தன் போனை வாங்கித் திறந்தாள். அதிலும் அதே கோட்டுக்காரன். விரலால் முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தாள்.

"நான் எடுத்த படம் எங்க?"

"அது எதுக்கும்மா இனிமே? அழிச்சிட்டேன்."

"கடையில இருக்கும்ல? போய் வாங்கிட்டு வா."

"அங்கேயும் இல்லம்மா."

அம்மா அழவில்லை. சம்பந்தியம்மா பக்கம் திரும்பினாள்.

"என் பிள்ளைக்கு வாய் கோணலா இருக்கும்மா. நடக்க வராது. நீங்க வந்தப்பல்லாம் பின்னறையிலதான் இருந்தான். உங்க கண்ணுல பட்டா சம்பந்தம் கெட்டுடும்னு கதவைச் சாத்தி வெச்சோம். நானும் கூடச் சேர்ந்துதான் சாத்தினேன்."

சம்பந்தியம்மா தன் கணவரை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையின் அர்த்தம் புரிந்து பெரியவனுக்கு வியர்த்துவிட்டது.

"அம்மா, போதும்மா," என்று கெஞ்சினான்.

"இவ்வளவு நாள் சும்மா இருந்தேனே, அது போதும்டா. உடம்பு கோணலாப் பிறக்கிறது ஒரு குறையே இல்ல. அவனை நம்ம பிள்ளைன்னு நாலு பேர் முன்னாடி சொல்லக் கூசுது பாரு மனசு, அதுதான்டா குறை. நோய் வந்து அவன் உயிரைக் கொண்டுபோச்சு. மிச்சமிருந்த முகத்தை நீ கொண்டுபோயிட்ட. எனக்கும் வயசாகுது. நாளைக்கு அவன் எப்படிச் சிரிப்பான்னு எனக்கே மறந்துபோனா, யார்கிட்டடா போய்க் கேட்பேன்?"