கெண்ட்ரலுக்கு ஒதுக்கிய இடம்

எங்கள் ஆட்டக்காரர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. பக்கத்து லாக்கர்காரனின் மச்சினன் செய்த மோசடி, மாமியார் சண்டை, மூலநோய் எதைப் பற்றியும் பேசலாம். அவன் சம்பளத்தைப் பற்றி மட்டும் வாய் திறக்கக் கூடாது. ஒப்பந்தம் முடிந்தவனிடம் இரு என்றும் சொல்லக் கூடாது, போ என்றும் சொல்லக் கூடாது. முழங்கால் முறிந்தால் அடுத்த வாரமே வேறொருவன் நம் இடத்தில் ஓடும் தொழில் இது. கிடைக்கும்போது வாங்க வேண்டிய காசுக்குக் குறுக்கே நிற்பது பாவம். பத்து வருடம் அமெரிக்க ஃபுட்பாலில் பந்து பிடித்த நான், டெல்வின் ப்ரூயிட், இந்த வழக்கத்தை மதித்தவன். இப்போது நினைத்தால் என் மேலேயே எரிச்சலாக வருகிறது.

கெண்ட்ரல் மோஸ்லியும் நானும் ரிசீவர்கள். எறிகிற பந்தை ஓடிப்போய்ப் பிடிப்பது வேலை. மைதானத்தின் இடது ஓரத்தில் அவன் நிற்பான், வலது ஓரத்தில் நான். ஐந்து வருடம் அப்படி நின்றோம். ஊர், ஏப்ரல் வரை பனி விடாத ஏரிக்கரை ஊர். என் மனைவி விவாகரத்து வாங்கிக்கொண்டு மகனோடு அட்லாண்டாவுக்குப் போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு அந்த ஊரில் நான் மணி அடிக்காமல் நுழையக்கூடிய ஒரே வீடு கெண்ட்ரலுடையது. அவன் மனைவி டனீஷா சாப்பாட்டு மேசையில் தட்டு வைக்கும்போது எனக்கும் சேர்த்தே வைப்பாள். என் வீட்டில் ஆறு அறைகள். ஒன்றில் மட்டும்தான் விளக்கு எரியும்.

அந்த மார்ச் மாதம் கெண்ட்ரலின் ஒப்பந்தம் முடிந்தது. எனக்கு இன்னும் ஒரு வருடம் பாக்கி. ஓர் அணி ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் சேர்த்து இவ்வளவுதான் சம்பளம் கொடுக்கலாம் என்று லீக் ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது. பந்தை எறிகிற எங்கள் குவார்ட்டர்பேக் ஒருவனே அதில் கால்வாசியை விழுங்கிவிட்டான். மிச்சத்தில் என் ஒன்பது மில்லியனும் போனால் கெண்ட்ரலுக்கு நாலுக்கு மேல் இடமில்லை. அவன் இரண்டு மடங்கு பெறுவான் என்பது டிக்கெட் கிழிக்கிறவருக்கே தெரியும். திங்கட்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்கு மற்ற அணிகள் அவனுடைய ஏஜென்ட்டுடன் பேசலாம். புதன்கிழமை நாலு மணிக்குக் கையெழுத்து. அதற்குள் ஏதாவது செய்யாவிட்டால் அவன் போய்விடுவான். எனக்குப் பயமாக இருந்தது. தோற்பதற்கு இல்லை. வியாழக்கிழமை சாயங்காலம் எங்கே போவது என்ற பயம்.

அணியின் மேலாளர் வால்ட் கார்மோடியைப் போய்ப் பார்த்தேன். ஆட்டக்காரன் ஏஜென்ட் இல்லாமல் வந்து நின்றால் அந்த மனிதருக்குப் பிடிக்காது. நான் விஷயத்தைச் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என் ஒன்பதை ஐந்தாகக் குறைத்துக்கொள்கிறேன், மிச்ச நாலைக் கெண்ட்ரலுக்குக் கொடுக்க வேண்டும். இதுதான் என் பேச்சு. அவரும் நல்லவர்தான், ஆனால் வியாபாரி. குறைத்தால் போதாது, முடிகிற ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருடம் நீட்டிக்க வேண்டும் என்றார். அப்போதுதான் கணக்கு உதைக்காதாம்.

"உறுதி தரமாட்டேன் டெல்வின். எட்டு குடுக்கறோம்னு ஞாயித்துக்கிழமையே கேட்டுப் பாக்கறேன். அவன் முடியாதுன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது. நீ கையெழுத்துப் போட்டா போட்டதுதான்."

"அவனுக்கு இது தெரியக் கூடாது, வால்ட்."

"ஏன்?"

"தெரிஞ்சா வாங்க மாட்டான்."

வால்ட் தலையாட்டினார். அவருக்கும் வழக்கம் தெரியும். என் ஏஜென்ட்டுக்குத் தொலைபேசியில் சொன்னபோது அவர் சத்தம் பக்கத்து அறை வரை கேட்டிருக்கும். முப்பத்திரண்டு வயதில் இரண்டு வருடம் என்பது உன் கால்களின் மீதி ஆயுள், அடுத்த வருடம் நீ சுதந்திரமாக எங்கு வேண்டுமானாலும் போயிருக்கலாம், இந்தக் காகிதப்படி அவர்கள் உன்னை எப்போது வேண்டுமானாலும் விடலாம், நீ அவர்களை விட முடியாது என்று மூச்சு விடாமல் திட்டினார். காரணம் கேட்டார். ஊர் பிடித்துவிட்டது என்றேன். மைனஸ் பன்னிரண்டு டிகிரியில் எவனுக்கும் ஊர் பிடிக்காது என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை கெண்ட்ரலும் நானும் தீயணைப்பு நிலையத்துக் கூடத்தில் மீன் சாப்பிடப் போனோம். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் முழுக்க வெள்ளிக்கிழமை அங்கே மீன் உண்டு. மாவில் முக்கிப் பொரித்த பெர்ச், ஒரு கிண்ணம் கோஸ். வரிசையில் நின்ற பெரியவர் ஒருவர் கெண்ட்ரலின் தோளைத் தட்டி, போய்விடாதே தம்பி என்றார். முன்பின் தெரியாத மனிதர். அவர் சுலபமாகச் சொல்லிவிட்டார்.

உட்கார்ந்ததும் கெண்ட்ரல் என் தட்டிலிருந்து ஒரு துண்டு மீனை எடுத்துக்கொண்டான். "கிழவா, உனக்குக் கொழுப்பு ஆகாது" என்றான். என்னைவிட மூன்று வயதுதான் இளையவன். பிறகு முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்.

"நீ என்னடா நெனைக்கற?"

அவன் அதைக் கேட்டதே வழக்கத்துக்கு விரோதம். அந்த ஐந்து வருடத்தில் முதல் முறை. நான் கோஸைக் கிளறினேன். இருடா, நீ போனால் எனக்கு இங்கே யாரும் இல்லை என்று சொல்வதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? நாலரை விநாடி. அந்த நேரத்தில் நாங்கள் நாற்பது கெஜம் ஓடிவிடுவோம்.

"குடும்பத்துக்கு எது நல்லதோ அதைச் செய்" என்றேன்.

"எல்லாரும் இதையேதான் சொல்றாங்க" என்றான். மீதி மீனை அவன் தொடவில்லை. நான் அதைக் கவனித்தேன், ஆனால் மறுநாள் போடப்போகும் கையெழுத்தே எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்ற மிதப்பில் இருந்தேன். சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கையெழுத்துப் போட்டேன். திரும்பும் வழியில் கடையில் நிறுத்தி அவன் மகளுக்கு ஒரு பனிச்சறுக்குப் பலகைகூடப் பார்த்து வைத்தேன். அடுத்த குளிர்காலத்துக்கு.

திங்கட்கிழமை மூன்று மணிக்கு வால்ட் அழைத்தார். ஞாயிற்றுக்கிழமை எட்டு சொன்னாராம். ஏஜென்ட் ஒரு நாள் அவகாசம் கேட்டாராம். மதியம் பன்னிரண்டு அடித்து ஐந்து நிமிடத்தில் டெக்சாஸ் அணி ஒன்று வருடத்துக்குப் பதினொரு மில்லியன், மூன்று வருடம் என்று சொல்லிவிட்டதாம். அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. அந்த நாலு மில்லியனை ஒரு தடுப்பு ஆட்டக்காரனுக்குப் பேசிக்கொண்டிருக்கிறோம், நல்ல பையன், உனக்குப் பிடிக்கும் என்றும் சொன்னார். நான் நன்றி சொன்னேன். எதற்குச் சொன்னேனோ.

செவ்வாய்க்கிழமை கெண்ட்ரல் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் அதற்குள் அட்டைப்பெட்டிகள். டனீஷா என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு பீங்கான் தட்டுகளைச் செய்தித்தாளில் சுற்றப் போனாள். அவள் அம்மா வீடு டெக்சாஸில் அவர்கள் போகிற ஊருக்கு ஒரு மணி நேரத் தூரம்தான். அழுகையின் நடுவிலும் அந்தச் சந்தோஷம் தெரிந்தது. அதைப் பார்த்த பிறகு நான் எதையும் சொல்லியிருக்க முடியாது. இருடா என்று சொல்ல வந்தவன்தான்.

கெண்ட்ரல் என்னைக் கார் கொட்டகைக்கு இழுத்துக்கொண்டு போனான். முகம் பூரித்திருந்தது.

"மூஞ்சியைத் தொங்கப் போடாதடா. அடுத்த வருஷம் உன் ஒப்பந்தம் முடியுதில்ல? அங்க பயிற்சியாளர்கிட்ட நேத்தே சொல்லிட்டேன். வலது ஓரத்துக்கு ஒருத்தன் இருக்கான், கால் கொஞ்சம் போயிடுச்சு, கை போகலைன்னு. அவருக்கு உன்னைப் பிடிக்கும். ஒரு வருஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு, அவ்வளவுதான்."

நான் சுவரில் சாய்த்திருந்த சின்னச் சைக்கிளைப் பார்த்தேன்.

"வர முடியாது. சனிக்கிழமை நீட்டிச்சுக் கையெழுத்துப் போட்டுட்டேன். இன்னும் ரெண்டு வருஷம்."

அவன் என்னையே பார்த்தான். "இந்த ஊர்லயா? எதுக்கு?"

"நல்ல பணம்" என்றேன்.

கெண்ட்ரல் சிரிக்க முயன்றான். நல்லது, உனக்கு நல்லதென்றால் நல்லதுதான் என்று முதுகில் தட்டினான். அதற்கு மேல் கேட்க அவனுக்கு உரிமை இல்லை. என் சம்பளம் அது. இரண்டு பேரும் சேர்ந்து அவன் மகளின் சைக்கிளைக் கழற்றிப் பெட்டியில் வைத்தோம். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். தட்டுகள் எல்லாம் பெட்டிக்குள் போயிருந்தன. காகிதத் தட்டில் பீட்சா சாப்பிட்டேன்.

லீக்கில் ஒப்பந்தம் எதுவும் ரகசியமாக இருப்பதில்லை. கடைசி டாலர் வரை எங்காவது வந்துவிடும். புதன்கிழமை நாலு மணிக்குப் புதுக் கணக்கு வருடம் தொடங்கியதும் என்னுடையதும் வந்துவிட்டது. ப்ரூயிட் நாலு மில்லியன் குறைத்துக்கொண்டார், இரண்டு வருட நீட்டிப்பு, எதற்கும் உத்தரவாதம் இல்லை. சமையலறையில் நின்றபடி அதைப் படித்தேன். நாலு இருபதுக்குத் தொலைபேசி அடித்தது. டெக்சாஸிலிருந்து. அவன் கையெழுத்துப் போட்டு இருபது நிமிடம் ஆகியிருந்தது.

"கூட்டிக் கழிச்சுப் பாத்தேன்" என்றான். "ஞாயித்துக்கிழமை திடீர்னு நாலு எட்டாச்சு. எங்கிருந்து வந்துச்சுன்னு யோசிச்சேன். உன்னோடது."

பின்னால் கேமராக்காரர்களின் சத்தம் கேட்டது. யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். அவன் நகர்ந்து எங்கோ கதவைச் சாத்திக்கொண்டான்.

"வெள்ளிக்கிழமை கேட்டேனேடா உன்னை. இருன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாலுக்கே இருந்திருப்பேன்."

பேசி முடித்து எவ்வளவு நேரம் அந்தச் சமையலறையில் நின்றேன் என்று தெரியவில்லை. ஏஜென்ட்டிடம் கேட்டால் சிரிப்பார். பதினொன்றை விட்டுவிட்டு நாலுக்கு உலகத்தில் எவனும் இருக்க மாட்டான், உன் மனம் ஆறுவதற்காகச் சொல்லியிருப்பான் என்பார். அவருக்குக் கணக்கு தெரியும், கெண்ட்ரலைத் தெரியாது. எனக்குத் தெரியும். அவன் இருந்திருப்பான்.