மிக்தாலியாவின் சுருதி

முப்பத்தெட்டு வருடமாக மிக்தாலியாவின் பாட்டுக்குப் பியானோ வாசிக்கிறேன். அவளிடம் கேட்காமல் நான் செய்த ஒரே காரியம், போன்ஸே நகரச் சதுக்கத்துக் கச்சேரிக்காக அவளுடைய பொலேரோ காதல் பாட்டைச் சுருதியில் ஒரு கட்டை இறக்கி எழுதியதுதான்.

"அந்தப் பாட்டோட உச்சி வரியில என்னைக்கு என் குரல் உடையுதோ, அதுதான் என் கடைசி மேடை" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். அவளுக்கு எழுபத்து நான்கு. ஒத்திகையில் அந்த வரியை மட்டும் வாய்க்குள் முனகிக் கடந்துவிடுவாள். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அவள் இல்லாத மேடையில் எனக்கு என்ன வேலை?

"கண்டுபிடிச்சா உன் தோலை உரிச்சு இதுல கட்டிருவா" என்றான் எங்கள் தாளக்காரன் சேயோ, தன் போங்கோ மேளத்தைத் தட்டிக்கொண்டே.

ஞாயிறு மாலை. மீன் அடை பொரியும் வாசனைக்கு நடுவே கூட்டம் நெருக்கியடித்தது. முன்னிசையை ஆரம்பித்தேன். நாலு சுரம் போவதற்குள் அவள் கை உயர்ந்துவிட்டது.

"ஜனங்களே, எனக்கு வயசாயிடுச்சுன்னு இந்தக் கிழவன் முடிவு பண்ணிட்டான்!" என்றாள் மைக்கில். ஒரே சிரிப்பு. "என் சுருதியைக் குடுடா, நோயெல்."

கொடுத்தேன். உச்சி வரி வந்தது. ஏறினாள். பாதியில் குரல் பிளந்து, காற்று மட்டும் வந்தது. பாவி, முதலிலேயே அவளிடம் பேசியிருக்கக் கூடாதா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அவளோ முதுகுக்குப் பின்னால் விரலைச் சுழற்றினாள். வேகத்தைக் கூட்டு என்று அர்த்தம். சேயோ போங்கோவை விட்டு, வேகத் தாளத்துக்கான மணியை எடுத்தான். பின்பாட்டுக்காரர்கள் பல்லவியைப் பிடித்துக்கொண்டார்கள். இனி இடையிடையே அவள் வாய்க்கு வந்ததைக் கட்டிப் பாட வேண்டும்.

"ஏணியைக் குட்டையாக்கின நோயெலு,
விழுந்தாலும் உச்சியிலேர்ந்துல்ல விழுந்தேன்!"

சதுக்கம் துள்ளியது. என் வழுக்கையை, மை பூசிய மீசையை, எதையும் அவள் விட்டுவைக்கவில்லை. எட்டு நிமிஷம் மானம் போனது. கண்ணீர் வழிய வழியச் சிரித்துக்கொண்டே வாசித்தேன்.

முடிந்ததும் மைக்கைப் பொத்திக்கொண்டு பியானோவில் சாய்ந்தாள்.

"அப்ப இதுதான் கடைசி மேடையா?" என்றேன்.

"அடுத்த வாரம் காகுவாஸ் கச்சேரி இருக்குல்ல? ஒரு கட்டை இறக்கிடு." பிறகு என் மீசையைப் பிடித்து இழுத்தாள். "இப்ப நான் சொல்றேன், அதனால இறக்கு."