காதோரம் கெஞ்சச் சொன்னவன்

அமெரிக்காவில், ஆர்கன்ஸாவில் உள்ள அந்தக் கோழி இறைச்சி ஆலையின் இரைச்சலில், பக்கத்தில் நிற்பவள் ஓவென்று அழுதாலும் கேட்காது. கோழி அறுக்கும் வரிசையை விட்டுக் கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் சூப்பர்வைசர் ரேண்டல் தலையசைக்க வேண்டும். லேசில் அசைப்பானா? காதைக் காட்டுவான், கிட்ட வரவைப்பான், இடுப்பில் கை போடுவான். அப்புறம்தான் அனுப்புவான். அந்த வரிசையில் நிற்கும் எவுலாலியா இரண்டு முறை புகார் எழுதினாள். இரண்டும் நேராக அவன் மேஜைக்கே போய்ச் சேர்ந்தன. வரும் திங்கட்கிழமை முதல் அந்தப் புண்ணியவான் ஆலைக்கே மேனேஜராம். அவனைத் தொலைக்க அவளுக்கு மிச்சமிருந்தது இந்த வெள்ளிக்கிழமைதான்.

அன்று கேன்டீனில், வருஷா வருஷம் நடக்கும் பாலியல் தொல்லைத் தடுப்புப் பயிற்சி. தலைமை அலுவலகத்திலிருந்து மிஸஸ் புரூயிட் வந்திருந்தாள்.

"ரெண்டு பேர் வந்து நடிச்சுக் காட்டுங்க பாப்போம்."

ரேண்டல் முந்திக்கொண்டு எழுந்தான். "எவுலாலியா, வர்றியா?"

"வர்றேன் சார். ஆனா நான்தான் சூப்பர்வைசர். நீங்க லைன்ல நிக்கிற பொண்ணு. பாத்ரூம் போகணும்னு கேளுங்க."

கேன்டீனே சிரித்தது. அவனும் இடுப்பை நெளித்து, கீச்சுக் குரலில், "சார்... பாத்ரூம் போகணும் சார்" என்றான்.

எவுலாலியா அவனைப் போலவே காதோரம் கையைக் குவித்தாள். "என்னது? சத்தத்துல ஒண்ணும் கேக்கல. கிட்ட வந்து..."

இத்தனை பேர் முன்னால் அந்தச் சொற்களைச் சொல்ல அவளுக்குக் கூசியது.

"காதுல கெஞ்சு, செல்லம்." பின்னாலிருந்து ஹசின்தா முடித்தாள்.

ஆறு வருஷமாகப் பக்கத்தில் நின்று கோழி அறுப்பவள்! எவுலாலியா திரும்புவதற்குள் ஜன்னலோரம் இன்னொருத்தி சொன்னாள்: "கெஞ்சினா அஞ்சு நிமிஷம். முத்தம் குடுத்தா பத்து."

அடப்பாவி! தனக்கு மட்டும்தான் இந்தக் கேவலம் என்று இத்தனை நாள் கூனிக் குறுகிக் கிடந்தாளே. கூச்சமெல்லாம் போன இடம் தெரியவில்லை, உடம்பு பற்றியெரிந்தது.

"எல்லாம் பேசி வச்சுக்கிட்டு நடிக்கிறாளுங்க!" ரேண்டல் கத்தினான்.

"எங்கடா பேசறது?" ஹசின்தா எழுந்தே விட்டாள். "லைன்ல வாயத் திறந்தா மெமோ குடுக்கிற நாயி நீ."

மிஸஸ் புரூயிட்டின் முகத்தில் ஈயாடவில்லை. "ரேண்டல், பேட்ஜையும் சாவியையும் மேஜை மேல வைங்க. விசாரணை முடியிற வரைக்கும் நீங்க ஆலைக்குள்ள வரக் கூடாது."

இரண்டையும் மேஜையில் எறிந்துவிட்டு அவன் கதவை நோக்கி நடந்தான். பார்த்துக்கொண்டே நின்ற எவுலாலியாவுக்கு வயிறு குளிர்ந்தது.

மிஸஸ் புரூயிட் பேனாவை எடுத்தாள். "பயப்படாதீங்க. யார் பேரும் வெளிய தெரியாம எழுதிக்கறேன்."

"அதெல்லாம் வேணாம்மா." அவன் கதவைத் தாண்டுவதற்குள் எவுலாலியா குரலை உயர்த்தினாள். "முதல் பேரு என்னோடது. நல்லா பெரிசா எழுதுங்க. யாரால வேலை போச்சுன்னு வீட்ல உக்காந்து மண்டைய உடைச்சுக்கிற சிரமம் சாருக்கு வேணாம்."